ஃபேன்டஸி ஃபுட்பால் லீக்கில் புள்ளி எப்படிக் கணக்காகிறது: வீரர்களைத் தொடுவதற்கு முன் படிக்க வேண்டிய வழிகாட்டி

ஃபேன்டஸி ஃபுட்பால் என்றால், நிஜக் கிளப்புகளில் ஆடும் வீரர்களைப் பொறுக்கி நாம் ஒரு கற்பனை அணி வைப்பது; நிஜ ஆட்டத்தில் அவர்கள் செய்வதற்கேற்ப நமக்குப் புள்ளி வரும். ஆகஸ்ட் வந்தால் புதுச்சேரியிலும் கடலூரிலும் வாட்ஸ்அப் குழுக்களில் லீக்கில் சேருவதற்கான குறியீடு சுற்ற ஆரம்பிக்கும். புதிதாகச் சேருகிறவர் உடனே செய்வது வீரர்களைத் தேர்ந்தெடுப்பதுதான். ஹாலண்ட், சாலா, தனக்குப் பிடித்த கிளப்பிலிருந்து மூன்று பேர், அப்புறம் ஆட்டம் தரும் கற்பனைப் பட்ஜெட்டில் மிச்சக் காசுக்கு யார் கிடைக்கிறாரோ அவர். மூன்றாவது வாரம் கேள்வி வரும்: "அண்ணா, என் ஆளு கோல் அடிச்சானே, ஏன் மூணு புள்ளிதான் வந்திருக்கு?"

லீக் நடத்துகிறவன் என்ற முறையில் இந்தக் கேள்விக்குப் பருவம்தோறும் பதில் சொல்கிறேன். வீரர் தேர்வு உண்மையில் கடைசி வேலை. எந்த ஆட்டம், என்ன வகை லீக், எத்தனை மணிக்கு டெட்லைன், எந்த இடத்து ஆளுக்கு எதற்குப் புள்ளி என்பதையெல்லாம் முதலில் முடிக்க வேண்டும். ஒரே அணி ஒரு லீக்கில் முதலிடத்திலும் இன்னொன்றில் கடைசியிலும் இருக்கலாம். அந்த அளவுக்குக் கணக்கு முறை மாறுகிறது.

இங்கே சொல்லும் எண்கள் 2025–26 பருவத்து விதிகள். பருவத்துக்குப் பருவம் சில விதிகள் மாறும் என்பதால், ஆப்பில் உள்ள விதிப்பக்கத்தை ஜூலை கடைசியில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

1. எந்த ஃபுட்பால் என்று கேளுங்கள்

நம் பக்கம் ஃபேன்டஸி ஃபுட்பால் என்றால் பெரும்பாலும் இங்கிலாந்து பிரீமியர் லீக்கை வைத்து ஆடும் எஃப்.பி.எல். (ஃபேன்டஸி பிரீமியர் லீக்) தான். ஆனால் அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகன் அதே பெயரில் அழைப்பு அனுப்பினால் அது என்.எஃப்.எல்., அதாவது முட்டை வடிவப் பந்தில் ஆடும் அமெரிக்க ஃபுட்பால் லீக். புள்ளிக் கணக்கு முழுக்க வேறு. அதைக் கடைசிப் பகுதியில் தனியாகச் சொல்கிறேன்.

பணம் கட்டச் சொல்கிறார்களா என்றும் பாருங்கள். எஃப்.பி.எல். இலவசம். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்திருக்கிறது. எங்கள் லீக்கில் கடைசி இடம் வாங்கியவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான்.

2. லீக்கின் வகையைப் பாருங்கள்

இதைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். லீக் குறியீட்டைப் போட்டுச் சேர்ந்த பிறகு, அது எந்த வகை என்று பக்கத்தில் தெரியும். வகை மூன்று.

முதலாவது கிளாசிக். உங்கள் அணி வாராவாரம் எடுக்கும் புள்ளிகள் கூடிக்கொண்டே போகும். 38 கேம்வீக் (ஆட்டச் சுற்று, பெரும்பாலும் வாரம் ஒன்று) முடிவில் யாரிடம் கூட்டுத்தொகை அதிகமோ அவர் முதல். இதில் எந்தப் புள்ளியும் வீணாவதில்லை. ஒரு வாரம் 95 எடுத்தால், அடுத்த இரண்டு வாரம் சொதப்பினாலும் அந்த 95 கணக்கில் இருக்கும். இரண்டு பேர் சமமாக முடித்தால் குறைவாக டிரான்ஸ்ஃபர் செய்தவர், அதாவது அணியில் வீரர்களைக் குறைவாக மாற்றியவர், மேலே வருவார். வைல்டு கார்டு, ஃப்ரீ ஹிட் என்ற சிப்புகளில் (சிறப்புச் சலுகைகள், 9ஆம் பகுதியில் சொல்கிறேன்) செய்த மாற்றங்கள் அந்த எண்ணிக்கையில் சேராது. கிளாசிக் பட்டியலை மாத வாரியாகவும் பிரித்துப் பார்க்கலாம். ஆகஸ்டில் பின்தங்கியவருக்கு அக்டோபரில் ஒரு பிடிமானம் கிடைக்கும் என்பதால், மாதப் பரிசு வைப்பது நல்ல யோசனை.

இரண்டாவது ஹெட் டு ஹெட். வாரம் ஒரு எதிராளி. அவரைவிட ஒரு புள்ளி கூட இருந்தால் வெற்றி, அதற்கு 3 புள்ளி. சமமானால் 1. தோற்றால் ஒன்றுமில்லை. நீங்கள் 78 எடுத்து எதிராளி 80 எடுத்தால் உங்கள் கணக்கு பூஜ்ஜியம். அதே வாரம் வேறு இருவர் 31க்கு 29 என்று மோதி, 31 எடுத்தவர் 3 புள்ளியோடு போய்விடுவார். புதியவருக்கு அநியாயமாகத் தெரியும். ஆட்டத்தின் சுவாரசியமும் அங்கேதான் இருக்கிறது. வெற்றிப் புள்ளி சமமானால்தான் மொத்த ஃபேன்டஸி புள்ளியைப் பார்ப்பார்கள். லீக்கில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் ஆட்கள் இருந்தால், ஒவ்வொரு வாரமும் ஒருவர் சராசரிப் புள்ளி என்ற ஆளில்லாத அணியோடு மோத வேண்டியிருக்கும்.

மூன்றாவது டிராஃப்ட். இது தனி ஆட்டம், அணியும் தனி. விலை, பட்ஜெட் எதுவும் கிடையாது. லீக்கில் உள்ளவர்கள் ஒரே நேரத்தில் உட்கார்ந்து வரிசையாக வீரர்களை எடுப்பார்கள். ஒருவர் எடுத்த வீரரை அந்த லீக்கில் வேறு யாரும் எடுக்க முடியாது. எட்டுப் பேர் என்றால் முதல் சுற்று ஒன்றிலிருந்து எட்டு வரை போகும், அடுத்தது எட்டிலிருந்து ஒன்றுக்குத் திரும்பி வரும். கேப்டன் இல்லை, சிப் இல்லை. யாரிடமும் இல்லாத வீரரை எடுக்க டெட்லைனுக்கு ஒரு நாள் முன்பே விண்ணப்பித்து வைக்கலாம், அதற்குப் பிறகு மிஞ்சியவர்கள் முந்துகிறவருக்கு. டிராஃப்டுக்குள்ளும் கிளாசிக்கா ஹெட் டு ஹெட்டா என்ற கேள்வி உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் பருவத்தில் இருப்பவருக்கு நான் கிளாசிக்கைத்தான் சொல்வேன். ஹெட் டு ஹெட்டில் தோற்றால், தவறு உங்கள் தேர்விலா அட்டவணையிலா என்று கண்டுபிடிப்பதற்குள் தீபாவளி வந்துவிடும். ஒரே அணியை இரண்டு வகை லீக்கிலும் சேர்க்கலாம், அதற்குத் தடையில்லை. டிராஃப்டுக்கு மட்டும் தனி அணி.

3. லீக்கை நீங்களே தொடங்கினால், தொடங்கும் வாரத்தைக் கணக்குப் போட்டு வையுங்கள்

சேர மட்டும் போகிறீர்கள் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

லீக்கை உருவாக்கும்போது எந்தக் கேம்வீக்கிலிருந்து புள்ளி எண்ண வேண்டும் என்று கேட்கும். யோசிக்காமல் 1 என்று விட்டுவிடுவார்கள். கிளாசிக்கில் அது சரிதான். ஹெட் டு ஹெட்டில் சிக்கல் வரும். எட்டுப் பேர் என்றால் எல்லோரும் எல்லோரோடும் ஒரு முறை மோத 7 வாரம். 38ஐ 7ஆல் வகுத்தால் 3 வாரம் மிஞ்சும். அந்த மிச்ச வாரங்களில் ஒருவருக்குப் பலமான எதிராளிகள், இன்னொருவருக்கு அணியை மறந்தே போனவர்கள். மே மாதச் சண்டைகள் பாதி இதிலிருந்துதான் வரும்.

தொடக்கத்தைத் தள்ளி வைத்தால் சரியாகிவிடும். 6 பேரோ 8 பேரோ இருந்தால் 4ஆம் கேம்வீக்கில் தொடங்குங்கள். மீதி 35 வாரம், 5ஆலும் 7ஆலும் வகுபடும். 10 பேர் என்றால் 3ஆம் கேம்வீக்கிலிருந்து 36 வாரம், நான்கு முழுச் சுற்று. 12 பேருக்கு 6ஆம் கேம்வீக்கிலிருந்து 33 வாரம், மூன்று சுற்று. 20 பேர் சேர்ந்துவிட்டால் கவலையே இல்லை, 38 வாரமும் இரண்டு சுற்றுக்குச் சரியாக இருக்கும்.

தள்ளித் தொடங்குவதில் இன்னொரு லாபம், தாமதமாக வருகிறவர்களுக்கு இடம் கிடைக்கும். ஹெட் டு ஹெட் அட்டவணை லீக்கின் முதல் வாரம் தொடங்கும்போது உருவாகிவிடும். அதற்குள் எல்லோரும் உள்ளே வந்திருக்க வேண்டும். கிளாசிக்கில் பிறகும் சேரலாம். ஆனால் 5ஆம் வாரத்தில் அணி தொடங்கியவருக்கு முந்தைய நான்கு வாரப் புள்ளி பூஜ்ஜியம்தான். அவருக்காகவே 5ஆம் வாரத்திலிருந்து எண்ணும் இரண்டாவது லீக் ஒன்றைத் திறந்தால் ஆள் கழன்றுகொள்ள மாட்டார்.

4. டெட்லைனை நம் நேரத்துக்கு மாற்றி வையுங்கள்

கேம்வீக்கின் முதல் ஆட்டம் தொடங்குவதற்கு 90 நிமிடம் முன்பு அணி பூட்டப்படும். அதற்குப் பிறகு எந்த மாற்றமும் செய்ய முடியாது, உங்கள் வீரர் ஆடுவது ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும்.

இங்கிலாந்தில் கோடைகால நேரம் இருக்கும்வரை நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை ஐந்தரை. அங்கே சனிக்கிழமை பகல் 12:30 ஆட்டம் நமக்குக் கோடையில் மாலை 5 மணி, குளிர்காலத்தில் 6 மணி. டெட்லைன் முறையே 3:30, 4:30.

சனிக்கிழமை 3:30 என்பது ஏமாற்றும் நேரம். ஆட்டம் சாயங்காலம்தானே, வேலை முடிந்து கடலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து, அரியாங்குப்பம் பாலம் தாண்டும்போது ஆப்பைத் திறந்து பார்ப்பவர்கள் நிறைய. உப்பளம் மைதானத்தில் ஆடப் போகிறவர்களும் அப்படியே. வெள்ளி இரவே முடித்துவிடுவது நல்லது.

வெள்ளிக்கிழமை ஆட்டம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே இரவு 8 மணி ஆட்டம் என்றால், கோடையில் நம் டெட்லைன் வெள்ளி இரவு 11 மணி. குளிர்காலத்தில் அதுவே நள்ளிரவு 12. போனில் அது சனிக்கிழமை 12:00 என்று தெரியும். சனி மதியம் 12 மணி என்று படித்துவிட்டுத் தூங்கப் போவார்கள். வார நடுவில் செவ்வாய் ஆட்டங்கள் வரும் வாரங்களிலும் இதே கதை.

ஆப் உங்கள் போனின் நேரத்தைக் காட்டும், அதை நம்பலாம். குழுவில் யாரோ அனுப்பும் படத்தில் பெரும்பாலும் லண்டன் நேரம் இருக்கும், அதை நம்ப வேண்டாம். பாரிஸில் உறவினர் உள்ள குடும்பங்களில் இன்னொரு குழப்பம் உண்டு. பிரான்சும் இங்கிலாந்தும் ஒரே நாளில் கடிகாரத்தை மாற்றுவதால், அவருக்கு அந்தச் சனிக்கிழமை டெட்லைன் வருடம் முழுக்கப் பகல் 12 மணிதான். "எப்பவும் போலத்தான்" என்று அவர் சொல்வார். நமக்கு ஒரு மணி நேரம் நகர்ந்திருக்கும்.

5. புள்ளிப் பட்டியலை இடம் வாரியாகப் படியுங்கள்

பெரும்பாலோர் கோலுக்கு எவ்வளவு, அசிஸ்டுக்கு (கோலுக்கு வழி செய்து கொடுத்ததற்கு) எவ்வளவு என்று படிப்பார்கள். அப்படிப் படித்தால் மனதில் நிற்காது. ஒரு கோல்கீப்பருக்கு எதெல்லாம் வரும், ஒரு டிஃபெண்டருக்கு எதெல்லாம் வரும் என்று ஆளை வைத்துப் படியுங்கள்.

எல்லோருக்கும் பொதுவானவை: களத்தில் இறங்கினால் 1. கூடுதல் நேரத்தைச் சேர்க்காமல் 60 நிமிடம் ஆடினால் 2. அசிஸ்ட் 3. மஞ்சள் அட்டை −1. சிவப்பு −3, அதற்கு முன் வாங்கிய மஞ்சளும் அதில் அடக்கம். சொந்தக் கோல் −2. பெனால்டி தவறவிட்டால் −2. புதுச்சேரி ரேஷன் கடையில் சிவப்பு அட்டைக்குத்தான் மதிப்பு அதிகம், இங்கே நேர்மாறு.

கோல்கீப்பருக்கு கிளீன் ஷீட் (அணி கோல் வாங்காமல் இருப்பது) 4. மூன்று முறை பந்தைத் தடுத்தால் 1. பெனால்டியைத் தடுத்தால் 5. அணி வாங்கும் ஒவ்வொரு இரண்டு கோலுக்கும் −1. அவரே கோல் அடித்தால் 10, அதை நம்பி யாரும் கீப்பர் வாங்குவதில்லை. பெரிய கிளப் கீப்பருக்கு கிளீன் ஷீட் வரும், தடுக்கும் வேலை குறைவு. நடுத்தரக் கிளப் கீப்பர் தோற்ற ஆட்டத்திலும் ஏழெட்டு முறை தடுத்து எதையாவது கொண்டுவருவார், விலையும் குறைவு. எனக்கு இரண்டாமவர்தான் பிடிக்கும்.

டிஃபெண்டருக்குக் கோல் 6, கிளீன் ஷீட் 4, இரண்டு கோல் வாங்கினால் −1. அதோடு 2025–26இல் புதிதாக வந்த தற்காப்புப் புள்ளியும் உண்டு. பந்தை வெளியேற்றுவது, மறிப்பது, இடைமறிப்பது, டேக்கிள் செய்வது (எதிராளியின் காலிலிருந்து பறிப்பது) ஆகிய நான்கும் சேர்ந்து ஒரே ஆட்டத்தில் 10 ஆனால் 2 புள்ளி. இருபது செய்தாலும் 2தான், ஒன்பதில் நின்றால் ஒன்றுமில்லை. இதனால், மேலே ஓடி கிராஸ் போடும் பக்கவாட்டு டிஃபெண்டருக்குப் பக்கத்தில் நடு டிஃபெண்டருக்கும் இப்போது மதிப்பு வந்திருக்கிறது. அடிக்கடி முற்றுகைக்கு ஆளாகும் அணியின் நடு டிஃபெண்டர் தோற்ற ஆட்டத்திலும் அந்த 2ஐ எடுப்பார்.

மிட்ஃபீல்டருக்குக் கோல் 5, கிளீன் ஷீட் 1. தற்காப்புப் புள்ளிக்கு 12 வேண்டும். ஆனால் தளர்ந்த பந்தை மீட்டெடுப்பதும் அந்த 12இல் சேரும். கோல் வாங்கியதற்குக் கழிவு கிடையாது.

ஃபார்வர்டுக்குக் கோல் 4. கிளீன் ஷீட்டுக்கு ஒன்றுமில்லை. தற்காப்புப் புள்ளிக்கு மிட்ஃபீல்டர் கணக்குத்தான்.

இங்கேதான் நுணுக்கம். வீரர் களத்தில் எங்கே நிற்கிறார் என்பதைப் பார்க்காதீர்கள், ஆட்டத்தின் பட்டியலில் அவர் எந்தப் பிரிவில் இருக்கிறார் என்பதைப் பாருங்கள். முகமது சாலா லிவர்பூலில் முன்வரிசையில் கோல் அடித்துக்கொண்டிருந்தவர், எஃப்.பி.எல். பட்டியலில் அப்போது மிட்ஃபீல்டர். 2024–25இல் அவர் 29 கோலும் 18 அசிஸ்டும் எடுத்து 344 புள்ளியோடு சாதனை வைத்தார். அந்த 29 கோலுக்கு மிட்ஃபீல்டராக 145. ஃபார்வர்டு என்று போட்டிருந்தால் 116. ஒரு சொல்லுக்கு 29 புள்ளி, கிளீன் ஷீட் புள்ளிகள் தனி. ஆகவே முன்வரிசையில் ஆடும் மிட்ஃபீல்டர், மிட்ஃபீல்டில் ஆடும் டிஃபெண்டர் என்று பட்டியலுக்கும் களத்துக்கும் பொருந்தாத ஆட்களை முதலில் தேடுங்கள்.

கிளீன் ஷீட்டில் ஒரு விதி: 60 நிமிடம் ஆடியிருக்க வேண்டும், அவர் களத்தில் இருந்தவரை அணி கோல் வாங்கியிருக்கக் கூடாது. 70ஆம் நிமிடம் வெளியே வந்த டிஃபெண்டரின் அணி 85இல் கோல் வாங்கினாலும் அவருடைய 4 பத்திரம். சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியவருக்கு இந்தச் சலுகை இல்லை. அவர் போன பிறகு அணி வாங்கும் கோலும் அவர் கணக்கில் விழும்.

போனஸ் தனிக் கதை. ஒவ்வொரு ஆட்டத்திலும் பாஸ், டேக்கிள், கோல், தவறு என்று நிறைய விஷயங்களை எடைபோட்டு ஒரு மதிப்பெண் தருவார்கள். முதல் மூவருக்கு 3, 2, 1. முதலிடத்தில் இருவர் சமமானால் இருவருக்கும் 3, அடுத்தவருக்கு 1. இரண்டாமிடத்தில் இருவர் என்றால் இருவருக்கும் 2, அதோடு முடிந்தது. இதற்குமேல் போனஸை ஆராய முதல் வருடம் நேரம் செலவழிக்க வேண்டாம்.

6. நான்கு பேரைக் கையால் கணக்குப் போடுங்கள்

ஆப் தானாகக் கூட்டிவிடும், நாம் ஏன் போட வேண்டும் என்று கேட்பார்கள். கூட்டத் தெரிந்தவருக்குத்தான் யாரை வாங்குவது என்று தெரியும். ஒரு முறை போட்டால் போதும்.

ஃபார்வர்டு ஒருவர் 90 நிமிடம் ஆடி ஒரு கோல் அடித்தார், ஒரு பெனால்டி தவறவிட்டார், மஞ்சள் வாங்கினார். 2 + 4 − 2 − 1 = 3. ஆரம்பத்தில் வந்த கேள்விக்குப் பதில் இதுதான்.

டிஃபெண்டர் ஒருவர் முழு ஆட்டமும் ஆடினார், கிளீன் ஷீட், தற்காப்புச் செயல்கள் 11, ஒரு மஞ்சள், போனஸ் 2. கணக்கு 2 + 4 + 2 − 1 + 2 = 9. கோலே இல்லை, ஆனால் மேலே உள்ள ஃபார்வர்டைப் போல மூன்று மடங்கு.

மிட்ஃபீல்டர் 58ஆம் நிமிடத்தில் மாற்றப்பட்டார். அதற்குள் ஒரு கோல், ஒரு அசிஸ்ட். அணி கடைசிவரை கோல் வாங்கவில்லை. 1 + 5 + 3 = 9. 60 தொடாததால் ஆடிய புள்ளியில் ஒன்று, கிளீன் ஷீட்டில் ஒன்று என இரண்டு போச்சு. காயத்திலிருந்து திரும்பி வந்தவர்களையும், மூன்று நாளுக்கு ஒரு ஆட்டம் ஆடும் கிளப்பின் வீரர்களையும் யோசித்து வாங்கச் சொல்வது இதனால்தான்.

கோல்கீப்பர் 4 கோல் வாங்கினார், 7 தடுத்தார். 2 − 2 + 2 = 2. ஏழில் ஆறுக்குத்தான் புள்ளி, ஏழாவது அடுத்த ஆட்டத்துக்குப் போகாது.

7. அணியை எடுங்கள், பெஞ்சை வரிசைப்படுத்துங்கள்

100 மில்லியன் பவுண்டு பட்ஜெட்டில் 15 பேர்: 2 கீப்பர், 5 டிஃபெண்டர், 5 மிட்ஃபீல்டர், 3 ஃபார்வர்டு. ஒரு கிளப்பிலிருந்து மூன்று பேருக்கு மேல் கூடாது. வாரம் 11 பேர் இறங்குவார்கள், மீதி நான்கு பேர் பெஞ்ச். அந்த 11இல் குறைந்தது 3 டிஃபெண்டர், 2 மிட்ஃபீல்டர், 1 ஃபார்வர்டு இருக்க வேண்டும்.

இறங்கிய 11இல் ஒருவர் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை என்றால் பெஞ்சிலிருந்து ஒருவர் தானாக உள்ளே வருவார். கீப்பருக்குக் கீப்பர்தான். மற்றவர்களுக்கு நீங்கள் வைத்த வரிசைப்படி. அந்த வரிசையை மாற்றலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

மேலே சொன்ன குறைந்தபட்ச எண்ணிக்கை இங்கேயும் செல்லும். 3-4-3 (3 டிஃபெண்டர், 4 மிட்ஃபீல்டர், 3 ஃபார்வர்டு) ஆடுகிறீர்கள், ஒரு டிஃபெண்டர் வரவில்லை. பெஞ்சில் முதலில் 8 புள்ளி எடுத்த மிட்ஃபீல்டர், அடுத்து 1 புள்ளி எடுத்த டிஃபெண்டர். மூன்று டிஃபெண்டர் கட்டாயம் என்பதால் மிட்ஃபீல்டரைத் தாண்டி அந்த 1 புள்ளிக்காரர்தான் வருவார். 4-4-2 ஆடியிருந்தால் 8 கிடைத்திருக்கும். டிஃபெண்டர்களில் யார் ஆடுவார் என்பது சந்தேகமாக உள்ள வாரங்களில் நான்கு பேரை இறக்குங்கள்.

இன்னொன்று, 89ஆம் நிமிடம் இறங்கியவரும் ஆடியவர்தான். அவர் 1 புள்ளியோடு உட்கார்ந்திருப்பார், பெஞ்சில் இருப்பவர் உள்ளே வர முடியாது. எனவே "ஆடினால் ஆடட்டும், இல்லாவிட்டால் பெஞ்ச் இருக்கிறது" என்று அரைகுறை ஆட்களை இறக்குவது நல்ல கணக்கு இல்லை.

8. கேப்டன்

கேப்டனின் புள்ளி இரண்டு மடங்கு. அவர் இறங்கவே இல்லை என்றால் வைஸ் கேப்டனுக்கு மடங்கு போகும். ஒரு நிமிடம் இறங்கினாலும் போகாது. புதியவர்கள் வைஸ் கேப்டனை ஆப் வைத்தபடியே விட்டுவிடுவார்கள். கேப்டன் ஆடாத வாரம்தான் அது யார் என்று பார்ப்பார்கள்.

லீக் வகை இங்கே மறுபடி முக்கியம். கிளாசிக்கில் அந்த வாரம் அதிகம் எடுக்க வாய்ப்புள்ளவரைக் கேப்டன் ஆக்குங்கள், வேறு யோசனை வேண்டாம். ஹெட் டு ஹெட்டில் எதிராளியும் அவரையே வைத்தால் இருவருக்கும் அது கழிந்துவிடும். எதிராளியின் இந்த வார அணி டெட்லைனுக்குப் பிறகுதான் தெரியும், ஆனால் போன வார அணியைப் பார்க்கலாம். உங்கள் அணி பலமாக இருந்தால் அவர் வைக்கக்கூடிய கேப்டனையே வைத்து ஆபத்தைக் குறையுங்கள். பலவீனமாக இருந்தால் வேறு ஆளை வைத்துப் பாருங்கள், தோற்றால் இழப்பது அதே 3தான்.

9. டிரான்ஸ்ஃபரும் சிப்பும்

வாரம் ஒரு டிரான்ஸ்ஃபர் இலவசம். பயன்படுத்தாமல் சேர்த்தால் 5 வரை இருக்கும். அதற்குமேல் ஒவ்வொரு மாற்றத்துக்கும் −4. இந்த 4 ஹெட் டு ஹெட் முடிவிலும் கழியும். 52க்கு 50 என்று வென்றதாக நினைத்துக் கொண்டாடிவிட்டு, கழிவுக்குப் பிறகு 48க்கு 50 என்று தோற்றவர்கள் உண்டு.

4 கழியட்டும் என்று மாற்றும்போது, வருகிறவர் போகிறவரைவிட இந்த வாரமே 4 கூட எடுக்க வேண்டும் என்று அவசியமில்லை. கிளாசிக்கில் மூன்று நான்கு வாரத்தில் எடுத்தாலும் லாபம். ஹெட் டு ஹெட்டில் இந்த வாரமே எடுத்தாக வேண்டும்.

சிப்புகள் நான்கு. வைல்டு கார்டில் அணியையே மாற்றலாம். ஃப்ரீ ஹிட்டில் ஒரு வாரத்துக்கு மட்டும் மாற்றலாம், அடுத்த வாரம் பழைய அணி திரும்பும். பெஞ்ச் பூஸ்டில் பெஞ்சின் புள்ளியும் சேரும். டிரிபிள் கேப்டனில் கேப்டனுக்கு மூன்று மடங்கு. ஒரு வாரத்தில் ஒன்றுதான். 2025–26 முதல் பருவத்தின் ஒவ்வொரு பாதிக்கும் ஒரு தொகுப்பு தருகிறார்கள். முதல் பாதித் தொகுப்பை 19ஆம் கேம்வீக் டெட்லைனுக்குள் பயன்படுத்தாவிட்டால் போய்விடும்.

ஒரே கேம்வீக்கில் ஒரு கிளப்புக்கு இரண்டு ஆட்டம் வருவது உண்டு, இரண்டிலும் புள்ளி வரும். கிளாசிக் ஆடுகிறவர்கள் சிப்பை அதற்காகச் சேர்த்து வைப்பார்கள், சரிதான். ஹெட் டு ஹெட்டில் எவ்வளவு பெரிய ஸ்கோர் வந்தாலும் கிடைப்பது ஒரு வெற்றி. உங்களுக்கு மேலே உள்ளவரோடு மோதும் வாரத்தில் சிப்பைப் போடுங்கள். பட்டியலில் கடைசியில் இருப்பவரை 60 புள்ளி வித்தியாசத்தில் வெல்ல அது தேவையில்லை.

10. புள்ளி நிலைக்கும்வரை பொறுங்கள்

ஆட்டம் நடக்கும்போது தெரியும் எண் முடிவானது இல்லை. பெஞ்சிலிருந்து தானாக வரும் மாற்றம் கேம்வீக்கின் கடைசி ஆட்டம் முடிந்த பிறகுதான் நடக்கும். கடைசி ஆட்டம் திங்கள் இரவு என்றால் நமக்கு அது செவ்வாய் விடியல். ஞாயிறு இரவே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போட்டு வெற்றி கொண்டாடுகிறவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை பதில் கிடைக்கும். அசிஸ்ட் யாருக்கு என்பதும் சில நேரம் பின்னால் திருத்தப்படும். லீக் நடத்துகிறவர் வார முடிவைச் செவ்வாய் மதியத்துக்கு முன் அறிவிக்க வேண்டாம்.

11. அமெரிக்க லீக் அழைப்பு வந்தால்

இங்கே புள்ளி முறையை லீக் நடத்துகிறவர் தானே அமைக்கலாம், அதனால் இரண்டு லீக்குகள் ஒன்றுபோல் இருக்காது. வழக்கமாக, பந்தோடு ஓடியோ பிடித்தோ பெறும் 10 யார்டுக்கு 1 புள்ளி, டச் டவுனுக்கு (பந்தை எதிரணியின் கடைசிப் பகுதிக்குள் கொண்டுசேர்ப்பதற்கு) 6. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்கு 25 யார்டுக்கு 1, அவர் எறிந்து வரும் டச் டவுனுக்குப் பல லீக்குகளில் 4.

கேட்க வேண்டிய ஒரே பெரிய கேள்வி, பந்தைப் பிடித்ததற்குத் தனிப் புள்ளி உண்டா என்பது. ஸ்டாண்டர்டு லீக்கில் இல்லை. பி.பி.ஆர். லீக்கில் ஒவ்வொரு பிடிக்கும் 1. அரை பி.பி.ஆரில் 0.5.

ஒருவர் 8 முறை பிடித்து 64 யார்டு எடுத்தார், டச் டவுன் இல்லை. இன்னொருவர் 2 முறை பிடித்து 40 யார்டும் ஒரு டச் டவுனும் எடுத்தார். ஸ்டாண்டர்டில் முதலாமவர் 6.4, இரண்டாமவர் 10. அரை பி.பி.ஆரில் 10.4க்கு 11. முழு பி.பி.ஆரில் 14.4க்கு 12, இப்போது முதலாமவர் மேலே. டிராஃப்டில் யாரை முன்னால் எடுப்பது என்பதே இதனால் தலைகீழாகும். சிறு சிறு பாஸ்களை நிறையப் பிடிப்பவருக்கு பி.பி.ஆரில் கிராக்கி.

எஃப்.பி.எல். பழக்கத்தில் போகிறவர்கள் இரண்டு இடத்தில் தடுமாறுவார்கள். பெரும்பாலான அமெரிக்கத் தளங்களில் பெஞ்சிலிருந்து யாரும் தானாக வர மாட்டார்கள், ஆடாதவரை நீங்களே மாற்ற வேண்டும். எல்லோருக்கும் ஒரே டெட்லைனும் இல்லை, ஒவ்வொரு வீரரும் அவரவர் ஆட்டம் தொடங்கும்போது பூட்டப்படுவார். ஞாயிறு பகல் ஆட்டங்கள் நமக்கு இரவு 10:30க்குத் தொடங்கும், நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து 11:30. யார் காயம், யார் ஆடவில்லை என்ற இறுதிப் பட்டியல் அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு வரும். ஆகவே ஞாயிறு இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஒரு முறை ஆப்பைத் திறந்து பாருங்கள்.